முகத்தின் ஒருபாதி

கீல் துறைமுகம். கப்பல் கட்டும் தளத்தில் ஒரு இளம் தொழிலாளி. பெயர் எர்ன்ஸ்ட் புஷ். பாடகராகவும் நடிகராகவும் மேடை ஏறும் காலம் இன்னும் வரவில்லை.

*

1933. நாஜிகள் ஆட்சிக்கு வருகிறார்கள். பெர்லின் மேடையில் இருந்த புஷ் ஊரை விட்டுக் கிளம்புகிறார். ஹாலந்து, பெல்ஜியம், மாஸ்கோ, ஸ்பெயின்.

ஊர்ப்பெயர்களை மெல்லச் சொல்லிப் பார்க்கிறேன். நடிகருக்குத் தன் மொழி கேட்கும் கூட்டம் வேண்டும். அது பின்னால் நின்றுவிட்டது.

*

1938. பார்சிலோனா. உள்நாட்டுப் போர். அவர் பாடும் பாட்டுகளை இசைத்தட்டில் பதிகிறார்கள். வானிலிருந்து குண்டுவீச்சு. மின்சாரம் ஏறி இறங்குகிறது. தட்டில் உள்ள ஒலிக்குறைக்கு அதுவே காரணம் என்று உறையிலேயே அச்சிடுகிறார்கள்.

கேட்கிறேன். குரலுக்கு அடியில் இரைச்சல். என் மூச்சு அந்தத் தாளத்துக்குப் போகிறது. போகட்டும்.

*

பிரான்சில் குர்ஸ் தடுப்பு முகாம். பிரெனீஸ் மலையடி. உள்ளே புஷ். சேறு.

*

1943. பெர்லின் திரும்புகிறார், நாஜி ரகசியக் காவல்துறையான கெஸ்டபோவின் கைதியாக.

மோவாபிட் சிறை. நவம்பர். நேச நாட்டு விமானங்கள். கான்கிரீட் இடிந்து தலையில் விழுகிறது. முகத்தின் ஒருபாதி அசைவிழக்கிறது.

எந்தப் பக்கம் வெல்ல வேண்டும் என்று காத்திருந்தாரோ, அந்தப் பக்கத்துக் குண்டு.

இங்கே நின்றுவிடுகிறேன். விரல் தானாக என் கன்னத்தைத் தொடுகிறது. சூடாக இருக்கிறது.

*

குஸ்தாஃப் க்ருண்ட்கென்ஸ். நாஜி ஆட்சியில் பெர்லின் மேடையின் உச்சியில் இருந்தவர். பழைய சக நடிகருக்காகத் தலையிடுகிறார். புஷ்ஷின் உயிர் தப்புகிறது. நான்காண்டு சிறை.

போருக்குப் பின் க்ருண்ட்கென்ஸ் சோவியத் காவலில். இப்போது அவருக்காகப் பேசுகிறார் புஷ்.

இருவரையும் தராசில் வைக்க மனம் எழுகிறது. வைக்காமல் இருக்கிறேன்.

*

1945 ஏப்ரல். புஷ் இருக்கும் பிராண்டன்பர்க் சிறையைச் சோவியத் செம்படை திறக்கிறது.

மறுபடி பெர்லின். இம்முறை விலங்கு இல்லை.

*

அவர் கனவு கண்ட கம்யூனிச அரசு கிழக்கு ஜெர்மனியில் அமைகிறது. 1950களின் தொடக்கத்தில் அதை ஆளும் கட்சியோடு மோதல்.

*

1957. பெர்லினர் ஆன்சாம்பிள் நாடகக் குழு. தன் கலிலியோ நாடகத்தின் ஒத்திகையைத் தொடங்கிய நாடகாசிரியர் ப்ரெக்ட் முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். எரிக் எங்கெல் முடிக்கிறார். கலிலியோவாக புஷ்.

சித்திரவதைக் கருவிகளைக் காட்டியதும் பணிந்துவிடும் மனிதரின் வேடம். கெஸ்டபோ அறையை அறிந்தவர் அதை ஏற்கிறார்.

பணிவது மேடையில் நடப்பதில்லை. சீடர்கள் காத்திருக்கிறார்கள். மணி அடிக்கிறது. கலிலியோ உள்ளே வருகிறார்.

அந்த நடையை புஷ் எப்படி நடந்திருப்பார்? நெடுநேரம் அதிலேயே இருக்கிறேன்.

*

1961. மேடையை விட்டு விலகுகிறார். பழைய பாட்டுகளை மறுபடி பதியத் தொடங்குகிறார். ஸ்பெயின் பாட்டுகளையும்.