நேற்றைய கிளி இன்றைக்கு ஆகாது!

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளைத் தரிசித்திருக்கிறீர்களா? அடுத்த முறை போகும்போது அவளது இடது கரத்தில் இருக்கும் கிளியைச் சற்று நின்று கவனியுங்கள். மரவள்ளி இலையால் உடல், மாதுளம்பூவால் அலகு என்று, பல மணி நேரம் கையாலேயே செய்யப்படுவது அந்தக் கிளி. மாலையில் அன்னையின் கரத்தில் அமரும் கிளி, மறுநாள் பிரசாதமாகப் போய்விடும். உடனே, அடுத்த கிளிக்கு இலை பறிக்க வேண்டும்!

‘நேற்றுதான் அத்தனை அழகாகச் செய்தோமே, இன்று ஓய்வெடுக்கலாம்’ என்று இருக்க முடியுமா? ‘இன்று மனசு சரியில்லை, நாளைக்குச் சேர்த்து இரண்டாகச் செய்துவிடலாம்’ என்றால் நடக்குமா? நடக்காது. அன்றைய கிளி அன்றைக்கு. இதற்குத்தான் கைங்கர்யம் என்று பெயர்.

நம் உடம்புக்கும் இதே கணக்குதான், சகோதரிகளே!

‘தினமும் நடங்கள்’ என்று டாக்டர் சொன்னதும் புது ஷூ வாங்குகிறோம். பத்து நாள் ஆர்வமாக நடக்கிறோம். அப்புறம் விருந்தாளி வருவார்கள், பிள்ளைக்குப் பரீட்சை வரும், மழை வரும். ஷூ வாசல் மூலைக்குப் போய்விடும். ‘எனக்கு மனஉறுதி போதாது’ என்று நம்மை நாமே திட்டிக்கொள்வோம்.

அது உண்மையா? இருபது, முப்பது வருடமாக ஒரு மாலையும் தவறாமல் விளக்கேற்றுபவர்கள் அல்லவா நீங்கள்! ‘இன்றைக்கு உற்சாகமாக இருக்கிறதா?’ என்று கேட்டுக்கொண்டா திரியைத் திரிக்கிறீர்கள்? நேரம் வந்தால் கை தானாகத் தீப்பெட்டியைத் தேடுகிறது. உறுதி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. நடைப்பயிற்சியை மட்டும் அந்தப் பட்டியலில் சேர்க்காமல் விட்டுவிட்டோம். அவ்வளவுதான்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில் வன்னியம்பட்டி விலக்கு வருகிறது. அந்த வழியில் போகிறவர்களுக்கு மேற்குத் தொடர்ச்சி மலை துணைக்கு வரும். இந்த வட்டாரத்தில் சுவாமிகள் மலையேறி அமர்ந்திருக்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலையில் ஸ்ரீநிவாசப் பெருமாள் குன்றின் மேல் இருக்கிறார். சதுரகிரி சுந்தர மகாலிங்கத்தைத் தரிசிக்க, தாணிப்பாறை அடிவாரத்திலிருந்து மணிக்கணக்கில் மலைப்பாதையில் நடக்க வேண்டும். புரட்டாசி சனிக்கிழமையும் ஆடி அமாவாசையும் வந்தால் கூட்டம் அலைமோதும். அங்கே போய், பத்தாவது படியிலேயே மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டால்? நம் பக்தியில் குறைவில்லை. காலில்தான் தெம்பில்லை. வருடம் முழுக்க உட்கார்ந்திருந்த கால், சுவாமி கூப்பிட்ட அன்றைக்கு மட்டும் எப்படி எழுந்து வரும்?

இன்னும் யோசியுங்கள். எழுபது வயதில் யாரும் பிடிக்காமல் பிராகாரம் சுற்ற வேண்டாமா? தரையில் விழுந்து நமஸ்கரித்து, தானே எழுந்திருக்க வேண்டாமா? வயது ஏற ஏறத் தசை குறைகிறது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பும் வேகமாகத் தேய்கிறது. இன்று நடக்கும் அரை மணி நேரம், அந்த நமஸ்காரத்துக்கான முன்பணம்!

‘வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே?’ என்று கேட்பீர்கள். பெருக்குவதும் துடைப்பதும் கணக்கில் உண்டு. ஒவ்வோர் அசைவும் நல்லதே என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் 2020-ல் சொன்னது. ஆனால் அடுப்படியில் நிற்பது அதில் சேராது. பெரியவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிடம் மிதமான பயிற்சி, இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி என்பது அதன் அறிவுரை. மிதம் என்றால் எவ்வளவு? நடக்கும்போது பேச முடிய வேண்டும். ஆனால் பாசுரம் பாட மூச்சு போதக்கூடாது. அதுதான் அளவு!

சரி, விடாமல் தொடர என்ன வழி? ஆண்டாளே காட்டியிருக்கிறாள். திருப்பாவையின் முப்பது பாசுரங்களில், ஆறு முதல் பதினைந்து வரையிலான பத்தும் தோழியரை எழுப்புபவை. நோன்புக்கு அவள் தனியாகக் கிளம்பவில்லை. வீடு வீடாக நின்று, கேலி செய்து, கெஞ்சி, அழைத்துக்கொண்டு போகிறாள். நீங்களும் பக்கத்து வீட்டு அக்காவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வாசலில் ஒருவர் காத்திருக்கிறார் என்றால் போர்வையை உதறத்தான் தோன்றும்.

அடுத்தது, சங்கல்பம் சிறியதாக இருக்கட்டும். முதல் வாரம் பத்து நிமிடம் போதும். கோலம் போட்ட கையோடு, அல்லது மாலை விளக்கேற்றியதும் என்று ஏற்கெனவே இருக்கும் ஒரு பழக்கத்தோடு முடிச்சுப் போடுங்கள்.

ஒரு நாள் தவறினால்? கலங்காதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரைக் கவனித்து 2010-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு புதுப் பழக்கம் தானாக வருவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளே போதும். சிலருக்கு 254 நாள்கூட ஆகும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் விட்டவர்களுக்குப் பழக்கம் கெட்டுப்போகவில்லை. ஆகவே ஒரு மண்டலத்தில் பிடிபடவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். விட்ட நாளை எண்ணி வருந்தாமல், மறுநாள் கிளம்பிவிடுங்கள்.

வயதுக்கேற்ப முறை மாறலாம். முப்பதில் வேக நடை, ஐம்பதில் நடையோடு யோகாசனம், எழுபதில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுவது என்று அது மாறிக்கொண்டே போகட்டும். இதயநோய், ரத்த அழுத்தம், மூட்டுவலி இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுத் தொடங்குங்கள்.

பெரியாழ்வார் நந்தவனத்தில் மண்ணைக் கொத்தி, நீர் இறைத்து, பூப்பறித்து, மாலை கட்டினார். உடம்பால் உழைத்ததே அவருக்கு வழிபாடு ஆயிற்று. நமக்குத் தரப்பட்ட இந்த உடம்பும் ஒரு நந்தவனம்தான். ஊருக்கெல்லாம் சமைத்துப்போட்டு, இதற்கு மட்டும் தண்ணீர் விடாமல் இருக்கலாமா? ‘எனக்கென்று அரை மணி நேரமா!’ என்று கூச வேண்டாம். அது அவன் தோட்டத்துக்கு நீங்கள் செய்யும் கைங்கர்யம்.

நாளைய கிளியை நாளை பார்த்துக்கொள்ளலாம். இன்றைய கிளியை இன்று செய்துவிடுவோம். கோதை நாச்சியார் துணை நிற்பாள்!