வீட்டுக்குத் தூரம்

கழிவை ஒழிக்க நமக்குத் தெரிந்த வழிகள் இரண்டுதான். எரிப்பது, இல்லையென்றால் கண்ணில் படாத இடத்துக்குத் தள்ளிவிடுவது. சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலத்துக்குள் நுழைந்ததும் சாக்கடையையும் சாயத் தண்ணீரையும் சுமக்கத் தொடங்குவது இரண்டாவது வழியால்தான். ஓடுகிற தண்ணியில விட்டா போயிடும் என்பது நம் நம்பிக்கை. எங்கே போகும் என்று கேட்டால், கீழே. கீழே இருப்பவர்கள் யார் என்று கேட்கும் வழக்கம் நமக்கு இல்லை.

மருத்துவமனைகளின் அணு மருத்துவப் பிரிவில் மூன்றாவதாக ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கழிவைத் தன்னிடமே வைத்துக்கொண்டு காத்திருப்பது.

தைராய்டு புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்த பிறகு, மிச்சமிருக்கும் திசுவை அழிக்க அயோடின்-131 கொடுப்பார்கள். காப்ஸ்யூலாகவோ குடிக்கும் திரவமாகவோ. தைராய்டு திசு அயோடினுக்கு ஏங்கும் திசு, எந்த அயோடின் என்று பார்க்காமல் இழுத்துக்கொள்ளும். உள்ளே போனது வெளியிடும் பீட்டா கதிர் அதிகம் போனால் இரண்டு மில்லிமீட்டர் தூரம் போகும். அந்த இடத்தை மட்டும் சுட்டுவிடும். 1938இல் கிளென் சீபோர்கும் ஜான் லிவிங்குட்டும் கண்டுபிடித்த ஐசோடோப் இது. பிற்பாடு சீபோர்கின் அம்மாவுக்கே இதைக் கொடுத்து சிகிச்சை செய்தார்கள். விஞ்ஞானிகளின் வாழ்க்கையில் இப்படி ஒரு கணக்கு நேராவது அபூர்வம்.

சிக்கல் என்னவென்றால் அதே அணு காமா கதிரையும் வெளியிடும். அது நோயாளியின் உடம்பைத் தாண்டி பக்கத்தில் இருப்பவர்மீது படும். திசு எடுத்துக்கொள்ளாத மிச்சம், அதாவது கொடுத்ததில் பெரும்பகுதி, முதல் இரண்டு மூன்று நாளில் சிறுநீரில் வெளியேறும். அதனால் இந்த நோயாளிகள் தங்கும் தனி அறைகளின் கழிப்பறைக் குழாய் நேராகச் சாக்கடைக்குப் போவதில்லை. தனித் தொட்டிக்குப் போகிறது. டிலே டேங்க் என்பார்கள். ஒன்று நிரம்பியதும் அதை அடைத்துவிட்டு அடுத்ததைத் திறப்பார்கள். அடைத்தது சும்மா கிடக்கும். எட்டு நாளில் பாதி. இன்னொரு எட்டு நாளில் அந்தப் பாதியில் பாதி. பத்துத் தடவை பாதியானால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிச்சம், அதற்கு எண்பது நாள். அளந்து பார்த்து, அனுமதித்த அளவுக்குக் கீழே வந்த பிறகுதான் சாக்கடைக்குத் திறக்க வேண்டும். ஊசி, பஞ்சு, கையுறை எல்லாம் பையில் கட்டி, தேதி எழுதி, தனி அறையில் கிடக்கும். ஸ்கேனுக்குப் பயன்படும் டெக்னீசியம்-99எம்முக்கு அரை ஆயுள் ஆறு மணி நேரம்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கட்டிய பை, திங்கட்கிழமை காலையில் மற்ற மருத்துவக் கழிவோடு சேரத் தயார்.

இந்தியாவில் இதற்கு 1987ஆம் ஆண்டின் விதிகள் இருக்கின்றன. மேற்பார்வைக்கு 1983இல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இருக்கிறது. ஒவ்வொரு மருத்துவமனையிலும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருந்தாக வேண்டும். எனக்கு அந்தத் தொட்டியைப் பிடிக்கும். தன் அழுக்கு அடுத்தவனுக்கு ஆகாதவரை தன்னிடமே வைத்துக்கொள்ளும் ஏற்பாடு, நம் நாட்டில் வேறெங்கே இருக்கிறது?

இந்த ஏற்பாட்டின் பலம் அரை ஆயுள் சின்னது என்பதில் இருக்கிறது. எண்பது நாளைக்கு ஒரு நிறுவனத்தால் எதையும் நினைவில் வைத்திருக்க முடியும். முப்பது வருஷத்துக்கு முடிவதில்லை. பிரேசிலில் கோயானியா நகரத்துக் கதிரியக்க சிகிச்சை மையம் ஒன்று இடம் மாறியபோது சீசியம்-137 இருந்த கருவியைப் பழைய கட்டடத்திலேயே விட்டுவிட்டுப் போனது. சீசியத்தின் அரை ஆயுள் முப்பது வருஷம். 1987 செப்டம்பரில் இரண்டு பேர் அதை இரும்புக்கு ஆகும் என்று எடுத்துப்போனார்கள். உடைத்தபோது உள்ளே இருந்த தூள் இருட்டில் நீலமாக ஒளிர்ந்தது, வீடு வீடாகப் போனது. நாலு பேர் இறந்தார்கள், ஒருத்தி ஆறு வயதுச் சிறுமி. நம் பக்கம் 2010இல் டெல்லி மாயாபுரி. டெல்லிப் பல்கலைக்கழகம் பல வருஷம் பயன்படுத்தாமல் கிடந்த கோபால்ட்-60 கருவியை ஏலத்தில் விற்றது. காயலாங்கடையில் அதைப் பிரித்த இடத்தில் ஒரு தொழிலாளி செத்துப்போனார். இரண்டு இடத்திலும் தவறிப்போனது தொழில்நுட்பம் அல்ல, 'இது இங்கே இருக்கிறது' என்ற ஞாபகம். இரண்டு இடத்திலும் செத்தவர்கள் பழைய இரும்பை நம்பிப் பிழைத்தவர்களும் அவர்கள் வீட்டாரும்.

அயோடினில் அந்த மாதிரி பயம் இல்லை. அதில் இருக்கும் கேள்வி வேறு. தொட்டி மருத்துவமனையில் நின்றுவிடுகிறது. நோயாளி வீட்டுக்கு வருகிறார்.

என் பெரியம்மாவுக்கு இந்த சிகிச்சை நடந்தது. ஏற்காட்டில் நாகலூர் பக்கம், காப்பி எஸ்டேட்டின் லைன் வீட்டில் இருக்கிறார். இரண்டு வாரம் அயோடின் சேர்த்த உப்பு கூடாது, மீன் கூடாது என்று பத்தியம். பிறகு சமவெளியில் ஒரு மருத்துவமனையில் தனி அறை. ஒரு மீட்டர் தள்ளி நின்று கருவியால் அளந்து, அளவு இறங்கியதும் அனுப்பினார்கள். வீட்டில் இன்னும் சில நாள் தனிப் படுக்கை, தனித் தட்டு, துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும், பேரக் குழந்தையைத் தூக்கக் கூடாது, கர்ப்பிணிகள் பக்கத்தில் வரக் கூடாது. பார்க்கப் போனபோது திண்ணையின் அந்தக் கோடியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "இந்த வயசுல மறுபடியும் வீட்டுக்குத் தூரமாயிட்டேன் கண்ணு."

சிரித்துவிட்டோம். ஆனால் அந்த வார்த்தை என்னை விடவில்லை. கதிர்வீச்சிலிருந்து காத்துக்கொள்ள உலகம் முழுக்கச் சொல்லித்தரும் பாடம் மூன்றே சொல்தான்: நேரம், தூரம், தடுப்பு. பெரியம்மாவுக்கு இந்த மூன்றும் பன்னிரண்டு வயதிலிருந்து தெரியும். மூன்று நாள், கொல்லைப்புறம், மூடிய கதவு. கையேட்டை வாசித்துக் காட்டியபோது அவர் எதையும் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

ரெண்டும் ஒண்ணுதானே என்று சொல்லிவிடலாம். எனக்கு ஒப்பில்லை. அயோடினுக்கு அளக்கும் கருவி உண்டு, இன்றைக்கு இவ்வளவு, அடுத்த வாரம் பாதி என்று எண்ணாகச் சொல்ல முடியும். அது ஒரு நாள் முடிந்தும் போகும். தீட்டை யாரும் அளந்ததில்லை. மாதத் தீட்டு தானாகத் தீர்ந்தது, சாதியின் பெயரால் ஒட்டவைத்த தீட்டோ தலைமுறை தலைமுறையாகப் பாதிகூட ஆகவில்லை. ஆனாலும் ஒதுங்கி உட்காரும் உடம்புக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு உறைக்கும் என்று தெரியவில்லை. லைன் வீடுகளில் பெரியம்மாவின் தட்டைப் பற்றிய பேச்சு, அயோடின் தீர்ந்த பிறகும் ரொம்ப நாள் இருந்தது.

சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் மனிதர்களைப் பிரிக்கும் விதம் யோசிக்கத்தக்கது. பொதுமக்களுக்கு இயற்கையாக வருவது போக ஆண்டுக்கு ஒரு மில்லிசீவர்ட்டுக்கு மேல் கூடாது. நோயாளிக்கு வரம்பே இல்லை, அவர் உயிருக்காக வாங்கிக்கொள்கிறார். நடுவில் மூன்றாவது வகை: பராமரிப்பவர்கள். அவர்கள் தெரிந்தும் விரும்பியும் பக்கத்தில் இருப்பதால் ஒரு சிகிச்சைக்கு ஐந்து மில்லிசீவர்ட் வரை ஏற்கலாம். அன்பின் பேரில் ஒருவர் ஏற்கும் ஆபத்தைச் சட்டம் மதிக்கிறது, அது எனக்கு நியாயமாகப் படுகிறது. ஆனால் இந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. 'விரும்பி' என்ற சொல். ஒரே அறை வீட்டில் மாமியாருக்கு நாலடி தள்ளிப் படுக்கும் மருமகள் விரும்பிப் படுக்கிறாரா? வேறு இடம் இல்லாததற்குப் பெயர் சம்மதமா?

பஸ்ஸையும் சொல்ல வேண்டும். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள், ஒரு மணி நேரத்துக்குக் குறையாத பயணம். மூன்று பேர் சீட்டில் ஒவ்வொரு வளைவிலும் ஆள்மேல் ஆள் சாய்வார்கள். ஒரு மீட்டர் தூரம் அரை மீட்டரானால் கதிர் நாலு மடங்கு. பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தவர் பராமரிப்பவர் அல்ல, அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. மிகைப்படுத்த விருப்பமில்லை. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் நம் எல்லோருக்கும் வந்துகொண்டுதான் இருக்கிறது. அந்த ஒரு பயணம் அதில் சிறு பங்குதான் சேர்க்கும், யாருக்கும் நோய் வந்ததாகக் காட்டவும் முடியாது. ஆனால் காட்ட முடியாத தீங்கைத் தீங்கில்லை என்று எடுத்துக்கொள்வதில்தான் எனக்குத் தகராறு. திருமணிமுத்தாற்றில் சாயம் விட்ட ஒவ்வொருவரும் தன் பங்கு சிறியது என்றுதான் சொல்லியிருப்பார்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பெரியம்மா வீட்டுப் பக்கம் பாதாளச் சாக்கடை கிடையாது, செப்டிக் டேங்க்தான். கழிவு உடனே ஓடிப்போவதில்லை, அதில் தங்கித்தான் போகிறது. அதாவது யாரும் பெயர் வைக்காமலே அது ஒருவகை டிலே டேங்க். கீழே இருப்பவர்களைப் பொறுத்தவரை, பாதாளச் சாக்கடை இருக்கும் நகரத்து ஃப்ளாட்டைவிட மலையில் இருக்கும் அந்தக் கழிப்பறை உத்தமம். ஆனால் அது நாலு வீட்டுக்குப் பொதுவான கழிப்பறை. கழுவுகிற அம்மாவுக்கு நோயாளியின் வீட்டார் சொன்னால்தான் தெரியும். படுத்த படுக்கையாக இருப்பவர் என்றால் டயாபர் குப்பைக்குப் போகும். வெளிநாடுகளில் குப்பைக் கிடங்கு வாசலில் வைத்த கதிர் கருவி அலறி, லாரியைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் இந்த மாதிரி டயாபர்தான் கிடைக்கிறது. நம் ஊரில் பல இடங்களில் குப்பையை இன்னும் கையால்தான் பிரிக்கிறார்கள்.

அப்படியானால் இன்னும் ரெண்டு நாள் ஆஸ்பத்திரியிலேயே வைத்திருக்கலாமே? ஜெர்மனியில் குறைந்தது 48 மணி நேரம் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1997லிருந்து, மற்றவர்களுக்கு ஐந்து மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகாது என்று கணக்கிட முடிந்தால் அன்றைக்கே அனுப்பிவிடலாம். சிலர் வீட்டுக்குப் போகாமல் ஓட்டலில் தங்கியது பிறகு அங்கே அரசியல் விவாதமானது. இங்கே இந்த அறைகள் குறைவு. பெரியம்மா ரெண்டு நாள் கூடுதலாக இருந்தால் வரிசையில் நிற்கும் இன்னொருவருக்கு சிகிச்சை ரெண்டு நாள் தள்ளிப்போகும். அவருக்கும் புற்றுநோய்தான். பஸ் பயணியின் சிறு ஆபத்தையும் அவருடைய காத்திருப்பையும் ஒரே தராசில் வைத்தால், நான் காத்திருப்பவர் பக்கம்தான் சாய்வேன். ஆனால் எல்லாரையும் ஒரே எண்ணில் அனுப்ப வேண்டிய கட்டாயம் இல்லை. தனி வீடும் சொந்தக் காரும் உள்ளவரை முதல் நாளே அனுப்பி, அந்தப் படுக்கையின் மிச்ச நேரத்தை லைன் வீட்டுக்காரருக்குக் கொடுக்கலாம். அதற்கு அவர்கள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்று முதலில் கேட்க வேண்டும்.

பெரியம்மாவிடம் கொடுத்த தாளில் 'தனி அறை, தனிக் கழிப்பறை பயன்படுத்தவும்' என்று அச்சிட்டிருந்தது. எத்தனை அறை, யார் கழுவுகிறார்கள், எந்த பஸ்ஸில் போகிறீர்கள் என்று கேட்டு எழுத அதில் இடமில்லை.