சங்கு ஊதாத வேலை

2020 மார்ச் ஊரடங்கில் சென்னையிலிருந்து ராஜபாளையம் வந்த தம்பி இன்றுவரை வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்க்கிறான். 'எப்ப வேணாலும் பாக்கலாம்க்கா, முடிச்சுக் குடுத்தாப் போதும்' என்றான். கேட்டுக்கொண்டிருந்த அம்மா சொன்னாள்: 'நம்ம தீப்பெட்டி வேல மாதிரில்ல இருக்கு.'

சிரித்துவிட்டோம். ஆனால் அம்மா சொன்னது சரி.

1990களில் ஸ்ரீவில்லிபுத்தூர் காலனியில் எங்கள் வீட்டுத் திண்ணைதான் அவளுக்குத் தொழிற்சாலை. ஏஜெண்ட் அட்டையைப் போட்டுவிட்டுப் போவார். 144 பெட்டி ஒட்டினால் ஒரு குரோஸ். கூலி பெட்டிக்கு, நேரத்துக்குக் கணக்கில்லை. ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் பிள்ளைகள் நாங்களும் ஒட்டினோம். 'யாரு ஒன்ன மேய்க்கிறா? ஒன் இஷ்டத்துக்குச் செய்யி' என்பார் ஏஜெண்ட். அதற்குப் பெயர் சுதந்திரம்.

மில்லுக்குப் போனவர்களுக்குச் சங்கு ஊதியது. ஷிப்ட் முடிந்தால் அவர்கள் பொழுது அவர்களுடையது. அந்த எல்லை சும்மா வந்ததல்ல. வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் உறுப்பினராக இருந்த அம்பேத்கர் 1946இல் கொண்டுவந்த திருத்தம், வருடம் முழுக்க ஓடும் ஆலைகளில் வாரத்துக்கு 54 மணி நேரம் என்றிருந்ததை 48 ஆக்கியது. அந்தச் சட்டம் ஆலை வாசலோடு நின்றது. எங்கள் திண்ணைக்கு வரவில்லை. வீட்டிலிருந்து உழைப்பவர்களுக்காகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் கொண்டுவந்த 177ஆம் உடன்படிக்கையை இந்தியா ஏற்கவுமில்லை.

2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதாவைத் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றியது. 'நெகிழ்வான வேலைநேரம்' என்றார்கள். தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். ஆலைக்குச் சங்கம் இருக்கிறது. தனித்தனி வீட்டில், தனித்தனித் திரைமுன் உட்கார்ந்திருப்பவர்களுக்கு?

தம்பிக்கு இதில் நன்மையே இல்லையென்று சொல்ல மாட்டேன். சென்னையில் வாடகை வீடு தேடி, 'நீங்க என்ன ஆளுங்க' என்ற கேள்வியோடு திரும்பிய அலைச்சல் இப்போது இல்லை. ஆபீஸ் மேஜையில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக் கூச வேண்டியதில்லை. எங்கள் ஆட்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

ஆனால் வெளிநாட்டு மேனேஜருக்குக் காலை விடியும்போது இவனுக்கு ராத்திரி மீட்டிங். வேலையை எப்போது செய்வது என்பது இவன் இஷ்டம். எப்போது கூப்பிடுவது என்பது அவர்கள் இஷ்டம். ஒருநாள் மீட்டிங்கில் ஒருவர் கேட்டிருக்கிறார்: 'பின்னாடி மாட்டியிருக்கிறது யாரு போட்டோ?' தம்பி பதில் சொல்லவில்லை. மறுநாள் மேஜையைத் திருப்பிப் போட்டுவிட்டான். இப்போது காமிராவுக்கு வெறும் சுவர் தெரிகிறது. அம்பேத்கர் படம் அவன் கண்ணுக்கெதிரே இருக்கிறது.

யாருடைய நெகிழ்வு, யார் வளைகிறார்கள் என்று நாம் கேட்க வேண்டும். 'இத்தனை மணிக்கு மேல் வர மாட்டேன்' என்று சொல்ல முடியாதவனுக்கு, தன் வீட்டுச் சுவரில் தன் தலைவர் படத்தைக் காட்ட முடியாதவனுக்கு, வீடு எப்படிச் சொந்தமாகும்?

ராத்திரி பதினொன்றுக்கு அம்மா கேட்கிறாள்: 'இன்னும் முடியலையாப்பா?'