பூசி மெழுகல்

பாத்டப்பும் டைல்ஸும் சந்திக்கிற இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு ஓடும். சிலிக்கான். தண்ணீரும் ஆளும் ஏறினால் தொட்டி கனத்தில் லேசாக இறங்கும், சுவர் இறங்காது. அந்த இழுபறியைத் தாங்கத்தான் சிமென்ட்டை விட்டுவிட்டு ரப்பர் மாதிரி ஒன்றை வைக்கிறார்கள். சில வருடங்களில் அது ஓரம் விட்டுவிடும், கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும்.

சுலபமான வழி, அதன் மேலேயே புதுக் கோடு இழுப்பது. பத்து நிமிஷ வேலை. ஆனால் காய்ந்த சிலிக்கான் மேல் இன்னொரு சிலிக்கான்கூட சரியாக ஒட்டாது. மண் வீட்டில் வெடிப்பைப் பூசி மெழுகுவது நேர்மையான வேலை, மண்ணோடு மண் ஒட்டும். அந்தச் சொல் எப்படி மறைப்பதற்கான சொல்லாக மாறியது என்று தெரியவில்லை, பாவம். சிலிக்கானுக்குத்தான் அது கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஒழுங்கான வழி வேறு. பிளேடால் மேலே ஒரு கீறல், கீழே ஒரு கீறல், நாடா மாதிரி உரித்து, மிச்சத்தை பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பரால் சுரண்டி, கண்ணுக்கே தெரியாத கடைசிப் படலத்தையும் எடுத்து, ஆல்கஹால் போட்டுத் துடைத்து, ஒரு ராத்திரி காயவிட்டு... முழங்கால் போய்விடும். முதல் நாள் பார்த்தால் இரண்டு வேலைக்கும் வித்தியாசமே தெரியாது. அதுதான் விஷயம்.

1877-இல் டபிள்யூ. கே. கிளிஃபோர்ட் என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர் நம்பிக்கையின் அறம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். கப்பல் பழசு, பழுது பார்க்கணுமோ என்று சந்தேகம். இத்தனை முறை போய் வந்த கப்பல்தானே என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு, நிஜமாகவே நம்பிவிடுகிறார். கப்பல் மூழ்குகிறது, இன்சூரன்ஸ் பணம் வருகிறது. கிளிஃபோர்ட் கறாரானவர்: நம்பியது நிஜம்தான், ஆனால் அப்படி நம்ப அவருக்கு உரிமை இல்லை. கப்பல் கரை சேர்ந்திருந்தாலும் குற்றம் குற்றமே.

பழைய கோடில் கை வைக்கப் பயப்படுகிற எல்லா சாஃப்ட்வேர் டீமிலும் இந்த முதலாளி உட்கார்ந்திருக்கிறார். (தமிழில் எழுதினால் அதுவும் கோடுதான்.) தயக்கத்துக்குக் காரணம் சோம்பல் மட்டுமில்லை. சுரண்டினால் தெரிந்துவிடும். நான் இருக்கிற மாதிரியான பழைய அமெரிக்க வாடகை வீடுகளில் டைல்ஸுக்குப் பின்னால் பல சமயம் ஜிப்சம் பலகைதான். விரலால் அழுத்தி டைல் உள்ளே போனால் பலகை ஊறிவிட்டது என்று அர்த்தம். அதைப் பார்த்த பிறகு இழுக்கிற புதுக் கோடு பொய். பார்க்காமலே இழுத்தால்? அதுவும்தான் என்பார் கிளிஃபோர்ட்.

எனக்கு அங்கே முழுச் சம்மதம் இல்லை. ஒருவர் காலி செய்து அடுத்தவர் வருவதற்குள் முடிக்கச் சொல்லி அனுப்பப்படுகிற தொழிலாளிக்கு, சந்தேகப்படக்கூட நேரம் கொடுக்கப்படவில்லை. அவர் கப்பலில் கூலிக்கு வேலை பார்ப்பவர். பார்க்காமலிருக்கும் வசதியை அவர் கையால் வாங்கிக்கொள்கிறவர் வேறெங்கோ இருக்கிறார்.

போன வாரம் எங்கள் வீட்டுக் கோட்டை உரித்தேன். கீழே இன்னொரு கோடு, அதற்கும் கீழே இன்னொன்று. மூலையில் ஒரு டைல் ஆடுகிறது. அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்களோ என்று ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, போட்டோ எடுத்து வீட்டு உரிமையாளருக்கு அனுப்பினேன். இன்னும் பதில் இல்லை. அதுவரை பக்கெட் குளியல்.