வெயிலும் கூலியும்

செய்யூர் உப்பளங்களில் வெயிலின்றி உப்பு விளையாது. அவ்வெயிலிலேயே நின்றுதான் மனிதன் அதனை வாரவும் வேண்டும். கடற்காற்றின் ஈரத்தால் வியர்வை எளிதில் உலர்வதில்லை, உடலும் குளிர்வதில்லை. ஆகவே, வெயிலில் உழைப்போர்க்கு ஈரக்குமிழ் வெப்பத்தை 7 பங்கும், வெயிலேற்ற கருங்கோளத்தின் வெப்பத்தை 2 பங்கும், காற்றின் வெப்பத்தை 1 பங்குமாகக் கூட்டி, பத்தால் வகுத்து அளக்கின்றனர் அறிஞர்.

அளந்தபின் செய்வது யாது? கடும் வெப்பத்தில் லுஹர் தொழுகையைத் தாழ்த்தி, வெம்மை தணிந்தபின் தொழுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்துள்ளார்கள். இறைவனுக்குரிய கடமையே வெயில் தணியக் காத்திருக்கலாமெனில், முதலாளியின் வேலை காத்திருத்தல் ஆகாதா என்று கேட்கிறோம்.

"தொழிலாளி இசைந்துதானே நிற்கிறான்?" என்பர். அன்றாடக் கூலியை நம்பியவன் மறுத்தால் அன்று அடுப்பெரியாது. அவ்விசைவைச் சான்றாகக் கொள்ளலாகாது. கூலியைக் குறைத்துத் தரும் ஓய்வையும் அவன் ஏற்கமாட்டான். ஆதலின் விடியலில் வேலை, நடுப்பகலில் நிழலும் நீரும், அந்நேரத்திற்கும் கூலி என்பதே நீதி.

2024-இல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் மாண்டோர் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபாய் வழங்க வகை செய்தது. நன்றே. எனினும், உயிரோடு இருக்கும்போதே நிழல் தரும் கடமை வேலை வாங்கும் நம்மையே சாரும். அதனை மறுமையில் நம்மிடமே கேட்கப்படும்.