வீழ்ந்ததை விட்டுவிடாதவர்



ஐப்பசி மழை நன்றாகப் பிடித்து ஓய்ந்தால் போதும். நேற்று மாலை வெறும் மண்ணாகக் கிடந்த இடத்தில், இன்று காலை வெள்ளை வெளேரென்று காளான் நிற்கும். வைக்கோல்போர் ஓரத்திலும், கரையான் புற்றிலும், வெட்டிப்போட்ட முருங்கைக் கட்டையிலும் பார்த்திருப்பீர்கள். ஒரே இரவில் வந்ததாகத்தான் பிள்ளைகள் நினைப்பார்கள். ஆனால் நம் கண்ணுக்குத் தெரிவது பூஞ்சையின் கனி மட்டுமே. அந்தப் பூஞ்சை பல மாதங்களாக, சில இடங்களில் பல ஆண்டுகளாக, மெல்லிய இழைகளாக மண்ணுக்குள்ளும் மட்கும் மரத்துக்குள்ளும் பரவிக் கிடந்தது. மழை வந்ததும் கனி வெளியே வந்திருக்கிறது. (இன்ன காளான் என்று உறுதியாகத் தெரியாததைத் தயவுசெய்து சமைக்காதீர்கள். வேகவைத்தால் நஞ்சு போய்விடும் என்ற பேச்சை நம்பாதீர்கள்.)

பூஞ்சை செடி இனத்திலும் சேராது, விலங்கினத்திலும் சேராது. வெயிலைக் கொண்டு உணவு தயாரிக்க அதற்குப் பச்சையம் இல்லை. வாயும் வயிறும் இல்லை. தான் தங்கியிருக்கும் பொருளின்மேல் நொதிகளைச் சுரந்து, வெளியிலேயே அதைச் செரித்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்கிறது. மரத்தை மரமாக நிமிர்த்தி வைத்திருக்கும் லிக்னின் என்ற பொருளைச் சிதைப்பது மிகக் கடினம். அதில் கைதேர்ந்தவை வெண்ணழுகல் பூஞ்சைகள். நம் அன்பியத்துச் சகோதரிகள் வைக்கோல் படுக்கையில் வளர்க்கும் சிப்பிக் காளானும் அந்த வகைதான். காளானை எடுத்தபின் அந்தப் படுக்கையைத் தென்னைக்கு எருவாகப் போடுகிறார்களே, காட்டில் மனிதக் கை படாமல் எப்போதும் நடப்பது அதுதான். ஒரு மரம் தன் வாழ்நாளெல்லாம் மண்ணிலிருந்து எடுத்துச் சேர்த்ததைப் பூஞ்சை அவிழ்த்துத் திரும்ப மண்ணிடம் தருகிறது. இந்த வேலை நின்றால், விழுந்த கட்டைகளும் சருகும் குவிந்துகொண்டே போகும். முளைத்துவரும் கன்றுக்கு உணவு இருக்காது.

வீழ்ந்ததைப் பூஞ்சை விட்டுவிடுவதில்லை. நாமோ யாரை, எதை, இனி அவ்வளவுதான் என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம்? குடியால் குடும்பத்தை இழந்த ஓர் அண்ணனின் பெயரைச் சொல்லவே சில வீடுகளில் தடை. மணவாழ்வு முறிந்தபின் திருப்பலிக்கு வரக் கூசி, கோவில் வாசலோடு திரும்பிப் போகும் மகள்கள் நம் பங்கில் இருக்கிறார்கள். இன்னும் கிட்டத்தில் வந்து கேட்கிறேன். உங்களுக்குள்ளேயே, யாரிடமும் சொல்லாமல் பல ஆண்டுகளாகப் பூட்டி வைத்திருக்கும் ஒன்று உண்டா? கடவுளே அதை எடுத்துப் பார்க்க மாட்டார் என்று நினைக்கிறீர்களா?

லூக்கா நற்செய்தியில் ஆண்டவர் சொன்ன அத்திமரத்தின் உவமையை நினைத்துப் பாருங்கள். மூன்று ஆண்டாகக் காய்க்காத மரத்தை வெட்டிவிடச் சொல்கிறார் உரிமையாளர். இன்னும் ஓராண்டு பொறுக்கும்படி கெஞ்சுகிறார் தோட்டக்காரர். அந்த ஓராண்டில் அவர் செய்யப்போவது என்ன? சுற்றிலும் கொத்தி எரு போடப் போகிறார். எருக்குழியில் சாணத்தையும் தழையையும் மட்கவைப்பது பூஞ்சைகளும் நுண்ணுயிர்களும்தான். ஒருகாலத்தில் உயிராக இருந்து, கழிந்து, மட்கிப்போனதையே அள்ளிக் காய்க்காத மரத்தின் வேரில் இடும் அந்தக் கையில் நான் நம் ஆண்டவரின் கையைக் காண்கிறேன்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் தந்த ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடலின் 34-ஆம் பத்தியில், புழு பூச்சிகளோடு பூஞ்சையையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, இவையும் இல்லாமல் இயற்கை செவ்வனே இயங்காது என்கிறார். அவருக்கு முன்பே ஒரு குரு இந்தப் படைப்பின்முன் குனிந்திருக்கிறார். திரிதெந்து பொதுச்சங்கம் கூடிய அதே நகரில் வாழ்ந்த யாக்கொமோ ப்ரெசதோலா அடிகளார் (1847–1929) அவர். குருத்துவப் பணியோடு காளான்களையும் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்து வரைந்து, அதுவரை அறியப்படாத பல நூறு இனங்களை உலகுக்கு அறிவித்தார். படைப்பின் கடைசி வரிசையில் நிற்பதாக நாம் நினைப்பதை அத்தனை மரியாதையோடு பார்த்த கண்கள் அவை.

மண்ணுக்குள் நடக்கும் இன்னொன்றைச் சொல்லாமல் என்னால் நகர முடியவில்லை. நிலத்தாவரங்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றின் வேர்களோடு பூஞ்சைகள் கூடி வாழ்கின்றன. வேர் எட்டாத இடத்திலிருந்து மணிச்சத்தைக் கொண்டுவந்து கொடுத்து, செடியிடம் சர்க்கரையைப் பெற்றுக்கொள்கின்றன. வேர் உட்பூசணம் என்று வேளாண் அலுவலர்கள் சொல்லி விவசாயிகள் கேட்டிருப்பீர்கள். இது கொடுக்கல் வாங்கல். ஆனால் ஏற்காட்டுக்குச் சுற்றுலா போனவர்கள் அங்கே பார்த்திருக்கக்கூடிய ஆர்க்கிட் பூக்களின் கதை வேறு. ஆர்க்கிட் விதை தூசியளவுதான் இருக்கும். நெல்லுக்குள் இருப்பதுபோல அதனுள் சேமித்த உணவு இல்லை. காட்டில் அது தானாக வளர முடியாது. ஏற்ற பூஞ்சை ஒன்று அதற்குள் நுழைய வேண்டும். நுழைந்து சுருளும் அந்த இழைகளையே விதை செரித்து வளர்கிறது. 1899-இல் பிரான்சு நாட்டின் நொயெல் பெர்னார் என்ற இளம் அறிஞர் இதைக் கண்டறிந்தார். பச்சை இலை வரும்வரை கைம்மாறாகக் கொடுக்க அந்த விதையிடம் சர்க்கரை இல்லை.

பூஞ்சைக்கு அன்பு என்றால் என்னவென்று தெரியாது. அதைப் படைத்தவருக்குத் தெரியும். நாம் எதையும் கொடுக்கும் முன்பே, பேசக்கூடத் தெரியாத வயதில், திருமுழுக்கில் நம்மைத் தமதாக்கிக்கொண்டவர் அவர். தம்மையே நமக்கு உணவாகத் தருபவரும் அவரே. இன்று நற்கருணை வாங்க வரிசையில் வரும்போது, இந்த வாரம் நான் ஒன்றுமே செய்யவில்லையே என்று யாரும் மனம் குன்ற வேண்டாம். வெறுங்கையோடே வாருங்கள்.

உங்களில் சிலர் மனதுக்குள் மறுப்பது எனக்குக் கேட்கிறது. குலைநோய் தாக்கி, கதிர் கழுத்தொடிந்து நின்ற வயலைப் பார்த்தவர்களுக்குப் பூஞ்சையின் பெருமை பேசினால் எப்படி இருக்கும்? 2021-இல், கொரோனாவின் இரண்டாம் அலையில், கருப்புப் பூஞ்சை நோயால் பலர் கண்ணை இழந்தார்கள், பலர் உயிரையே இழந்தார்கள். மண்ணிலும் அழுகும் பொருளிலும் சாதாரணமாக வாழும் பூஞ்சைகள்தாம் அவை. சர்க்கரை நோயும் ஸ்டீராய்டு மருந்தும் உடலின் காவலைத் தளர்த்திய வேளையில் உள்ளே புகுந்தன. அந்தச் சாவுகளைக் கடவுள் புகட்டிய பாடம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். லாசரின் கல்லறைமுன் ஆண்டவரும் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கவில்லை, அழுதார். நான்கு நாள் ஆயிற்று, நாற்றம் எடுக்குமே என்று மார்த்தா தயங்கினாள். அவரோ பின்வாங்கவில்லை, கல்லை அகற்றச் சொன்னார். அழிவு தொட்ட உடலையும் அவர் பெயர் சொல்லித்தான் அழைத்தார். இறந்தோரை நினைக்கும் இந்த நவம்பரில் உங்கள் அப்பாவை, உங்கள் பிள்ளையை எண்ணிக் கலங்கும்போது, மண்ணுக்குள் போன அந்த உடலும் அவர் பார்வைக்கு வெளியே போய்விடவில்லை என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அழிவுக்குரியதாய் விதைக்கப்படுவது அழியாததாய் எழும் என்றுதானே பவுல் கொரிந்தியருக்கு எழுதினார்.

இன்று மாலை நான்கு மணியிலிருந்து ஒப்புரவு அருளடையாளத்துக்காகக் கோவிலில் உட்கார்ந்திருப்பேன். பல ஆண்டுகளாக வராதவர்களும் வரலாம்; சொல்ல வேண்டிய மன்றாட்டு மறந்துபோயிருந்தால் நான் சொல்லித் தருகிறேன். வரக் கூசுகிற ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். கூடவே நடந்து வாருங்கள். ஆமென்.