பறவைக் காய்ச்சலும் ஹலால் பேணுதலும்



பறவைக் காய்ச்சல் என்ற செய்தி பரவிவிட்டால் போதும். மறுநாளே கோழிக் கடைகள் வெறிச்சோடி விடுகின்றன. 2006-ம் ஆண்டு பிப்ரவரியில் மகாராஷ்டிர மாநிலம் நந்துர்பார் மாவட்டத்து நவாப்பூரில் இந்நோய் நம் நாட்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பாலிருந்த நாமக்கல்லிலும் முட்டை விலை சரிந்தது. பின்னர் 2008-ல் மேற்கு வங்காளத்தில் இலட்சக்கணக்கான கோழிகள் அழிக்கப்பட்டன. கேரளத்தின் ஆலப்புழை வட்டாரத்து வாத்துகளை 2014, 2016, 2021, 2024 ஆகிய ஆண்டுகளில் இந்நோய் தாக்கியது.

இத்தகைய வேளைகளில் இருவகை மனிதர்களை நாம் காண்கிறோம். ஒருவர், “ஹயாத்து அல்லாஹ்வின் கையில் இருக்கிறது, நம்மை என்ன செய்துவிடும்?” என்று கூறி, நோயுற்ற கோழியையும் அறுத்துக் குழம்பு வைக்கிறார். மற்றவரோ, காதில் விழுந்ததையெல்லாம் நம்பி, அல்லாஹ் ஹலாலாக்கிய உணவையே ஹராமைப் போல ஒதுக்குகிறார். இவ்விருவரில் மார்க்கத்தின் வழியில் நிற்பவர் யார்? இருவருமே அல்லர்!

முதலில் நோயைப் பற்றிச் சிறிது அறிந்து கொள்வோம். காட்டு வாத்து முதலிய நீர்ப்பறவைகளிடம் இதன் கிருமி தங்கியிருக்கிறது. அவற்றின் எச்சத்தாலும், அது கலந்த நீராலும் வீட்டுக் கோழிகளுக்கும் வாத்துகளுக்கும் தொற்றுகிறது. கொத்துக் கொத்தாக அவை மடிகின்றன. நோயுற்ற பறவைகளை நெருங்கிக் கையாளுபவர்களுக்கு அபூர்வமாக இது தொற்றுவதுண்டு. 1997-ல் ஹாங்காங்கில் 18 பேரைத் தாக்கி, அவர்களில் 6 பேரின் உயிரைப் பறித்தது. 2003 முதல் 2024 வரை உலகெங்கும் 900-க்கும் மேற்பட்டோருக்கு எச்5என்1 என்ற இவ்வகை நோய் கண்டது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் மௌத்தாகிவிட்டனர். தொற்றுவது அபூர்வம், தொற்றினால் ஆபத்தோ பெரிது. ஆனால் உள்ளே 70 டிகிரி சூடு ஏறும்வரை வெந்த இறைச்சியிலும் முட்டையிலும் இக்கிருமி பிழைப்பதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

இனி, தவக்குல் என்பதன் பொருளைப் பார்ப்போம். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்தை நோக்கிப் புறப்பட்டு, ஸர்க் என்னும் இடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதாகத் தகவல் வந்தது. ஸஹாபாக்களிடம் ஆலோசனை கலந்து, மதீனாவுக்கே திரும்ப முடிவு செய்தார்கள். “அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள்?” என்ற கருத்தில் அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவினார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனது மற்றொரு விதியின்பால் செல்கிறோம் என்ற கருத்தில் கலீஃபா விடை பகர்ந்தார்கள். நோய் கண்ட ஊருக்குள் போக வேண்டாம், அங்கிருப்பவர் அதனை விட்டு ஓடவும் வேண்டாம் என்ற நபிமொழியை அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் அங்கு வந்து அறிவித்தபோது, உமர் (ரலி) அவர்கள் அல்லாஹ்வைப் புகழ்ந்தார்கள்.

இது மட்டுமா? நோயுற்ற ஒட்டகங்களை ஆரோக்கியமான ஒட்டகங்களிடம் கொண்டு செல்லலாகாது என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். நோய் தானாகவே தொற்றும் ஆற்றல் உடையதன்று, அல்லாஹ்வின் நாட்டத்தாலேயே யாவும் நடக்கின்றன என்று கற்பித்த அதே நபியவர்கள்தாம் இப்படிப் பிரித்து வைக்கவும் பணித்தார்கள். எனவே, நோய் கண்ட பண்ணையிலிருந்து கோழிகளை இரவோடு இரவாக வேறூருக்கு ஏற்றி அனுப்புபவர், அரசாங்கச் சட்டத்தை மட்டுமல்ல, நபிகளாரின் கட்டளையையும் மீறுகிறார்.

வீணாக அஞ்சுபவருக்கும் ஹதீஸில் விடை உண்டு. அபூ மூஸா அல்அஷ்அரி (ரலி) அவர்களின் முன் கோழிக்கறி வைக்கப்பட்டது. கோழி அசுத்தம் தின்பதைக் கண்ட ஒருவர் அருவருத்து விலகியிருந்தார். நபி (ஸல்) அவர்கள் கோழிக்கறி உண்டதைத் தாம் பார்த்திருப்பதாகக் கூறி, அவரை அபூ மூஸா (ரலி) அவர்கள் உண்ண அழைத்தார்கள். ஆக, நோயில்லாத கோழியை முறைப்படி அறுத்து, நன்கு வேகவைத்து உண்பதில் தடையில்லை. ஒருவருக்கு விருப்பமில்லையெனில் உண்ணாதிருக்கலாம். ஆனால் தீர விசாரிக்காமல் வதந்தியைப் பரப்பிப் பிறருடைய பிழைப்பைக் கெடுக்க அவருக்கு உரிமையில்லை. 2020-ல் கோழியால் கொரோனா வருகிறதென்ற பொய்யைப் பலர் பரப்பினர். அதனால் எத்தனை குடும்பங்கள் நஷ்டமடைந்தன!

கோழிக் கடை நடத்தும் சகோதரர்களுக்குத் தனியே ஒரு வார்த்தை. கூண்டில் நான்கு கோழிகள் செத்துக் கிடந்தால், அன்றைய லாபமே போய்விடுகிறது. அதை நாம் அறிவோம். ஆயினும், செத்த கோழியின் கழுத்தில் கத்தியை வைப்பதால் அது ஹலாலாகி விடாது. அது மைத்தா, உண்பதும் ஹராம், விற்பதும் ஹராம். “பாதி விலைக்கு ஓட்டல்காரர் வாங்கிக் கொள்கிறாரே” என்பது மறுமையில் செல்லுபடியாகும் பதிலா? உயிர் இருக்கும்போதே முறைப்படி அறுக்கப்பட்ட நோயுற்ற பிராணி மைத்தா ஆகாது என்று ஃபிக்ஹு நூல்கள் கூறுவது உண்மையே. ஆனால் அது மைத்தா இல்லை என்பதால், தீங்கு உண்டென்று தெரிந்தும் அதை மறைத்து விற்பது ஆகுமானதாகி விடாது. நனைந்த தானியத்தை அடியில் மறைத்து வைத்திருந்த வியாபாரியை நாயகம் (ஸல்) அவர்கள் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். ஈரத் தானியத்துக்கே அக்கண்டனம் என்றால், நோயை மறைத்து விற்பவரின் கதி என்ன?

நோய் பரவாதிருக்க ஆரோக்கியமான பறவைகளையும் அழிக்கலாமா எனச் சிலர் கேட்கின்றனர். பொதுமக்களுக்கு வரும் தீங்கைத் தடுக்கத் தனியொருவரின் நஷ்டம் சகித்துக் கொள்ளப்படும் என்பது ஃபுகஹாக்கள் வகுத்த விதி. எனவே அவசியத்தின்போது அது கூடும். ஆயினும் உயிருடன் புதைப்பதும், உயிருடன் எரிப்பதும் கூடாது. அறுக்கும்போதுகூடக் கத்தியைத் தீட்டிப் பிராணிக்கு இலேசாக்கச் சொன்ன மார்க்கமல்லவா நம்முடையது! அரசு தரும் இழப்பீட்டைப் பெறுவது உரிமை. எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லிப் பெறுவதோ மோசடி.

பண்ணை வைத்திருப்போரும் சிந்திக்க வேண்டும். பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே எனத் திருமறை கூறுகிறது. பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடாமல், தானே தேடித் தின்னவும் விடாத பெண் நரகம் புகுந்த செய்தியை நாம் சிறுவயதிலிருந்தே கேட்டு வருகிறோம். ஒரு முழுத்தாள் அளவுகூட இடமின்றிக் கோழிகளைக் கூண்டுக்குள் நெருக்கி அடைக்கும் வழக்கம், அவற்றுக்கும் வேதனை; நோய் நுழைந்துவிட்டால் நமக்கும் கேடு. அசுத்தம் தின்று வளரும் ஜல்லாலாவின் இறைச்சியை ஹதீஸ் தடுப்பதால், தீனியின் சுத்தத்தையும் பேண வேண்டும்.

வீட்டில் நாலைந்து கோழி வளர்க்கும் தாய்மார்களே! காரணமின்றிக் கோழிகள் அடுத்தடுத்துச் செத்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். பிள்ளைகளை அண்டவிடாதீர்கள். குளத்திலோ வாய்க்காலிலோ எறிந்து பிறருக்குத் துன்பம் தராதீர்கள். உடனே கால்நடை மருத்துவருக்குச் சொல்லி அனுப்புங்கள். பச்சை இறைச்சி தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அரைவேக்காட்டு முட்டையைத் தவிருங்கள்.

செத்த கோழிகளுக்குப் பெரும்பாலும் இழப்பீடு கிடைப்பதில்லை. முட்டை விற்று வயிறு கழுவும் விதவை ஒருத்தி, நோயை மறைக்காமல் உண்மையைச் சொல்லித் தன் கோழிகளையெல்லாம் இழந்தாள் என்றால், அவளது உண்மையால் காப்பாற்றப்பட்டது அந்த ஊர்தான். அவளுக்கு நான்கு கோழிக்குஞ்சுகளும் அதுவரை அரிசியும் வாங்கிக் கொடுப்பது ஜமாஅத்தாரின் கடமையல்லவா? நஷ்டத்தைப் பங்கிட்டுக் கொள்ள நாம் முன்வந்தால், நோயை மறைக்க எவருக்கும் மனம் வராது.

அல்லாஹ்வை நம்பி முயற்சியைக் கைவிடாமலும், முயற்சியை நம்பி அல்லாஹ்வை மறவாமலும், ஹலாலைப் பேணி உண்டு வாழ வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.